குக்கர் வெடித்தது; யார் மீது வழக்குப் போடுவது?

சட்டம் படித்தவர்களுக்கு நத்தைக் கதை தெரியாமல் இருக்காது. 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில், வெல்மெடோ கஃபேயில், மே டோனஹ்யூ என்ற பெண்மணிக்கு உடன் வந்தவர் ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத அடர்நிறப் பாட்டில். கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவருடைய புகார். காசு கொடுத்தவர் அவர் இல்லை. ஆகவே கஃபேக்காரருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் ஏதும் கிடையாது. பானத்தைத் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட்டார்.

1932 மே 26 அன்று, அந்நாளில் நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. இடையில் யாரும் திறந்து பார்க்க வழியில்லாதபடி அடைத்து அனுப்பும் பொருளைச் செய்கிறவர், கடைசியில் அதைப் பயன்படுத்துகிறவர் விஷயத்தில் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்றது தீர்ப்பு. ‘அயலானை நேசி’ என்ற விவிலியக் கட்டளையை எடுத்துக்கொண்டு, சட்டத்தின் கண்ணில் அயலான் யார் என்று கேட்டார் அட்கின் பிரபு. நம் செயல் யாரைப் பாதிக்கும் என்று நாம் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ அவரே அயலான் என்று பதிலையும் அவரே சொன்னார். வழக்கு ஸ்காட்லாந்துடையது, ஆனால் இங்கிலாந்தின் கவனக்குறைவுச் சட்டம் அன்றிலிருந்து இதன்மேல்தான் நிற்கிறது.

இந்தப் புகழால் ஒரு கெடுதலும் உண்டு. ஒரு பொருளால் காயம்பட்டால் முதலில் தயாரிப்பாளரின் கவனக்குறைவைத்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். இன்றைய இங்கிலாந்தில் அது மூன்றாவது வழி. அதற்கு முன்னால் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் எதிராளி அசட்டையாக இருந்தார் என்று காட்ட வேண்டியதே இல்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். மருமகன் பக்கத்துத் தமிழ்க் கடையில் 48 பவுண்டு கொடுத்து ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் வாங்கி வருகிறார். இந்தியாவில் செய்த குக்கர். அதைக் கப்பலில் இறக்கிக் கடைகளுக்குப் போடுகிறவர் வெம்பிளியில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரி. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பருப்பை வேகப் போடுகிறார். விசில் வரவில்லை, மூடிதான் பறந்தது. மாமியாருக்கு முகத்திலும் கழுத்திலும் வெந்த புண். ஓடிவந்து அடுப்பை அணைத்த மருமகனுக்கு இடது கையில் கொப்புளம். கண்ணாடி அடுப்பு நொறுங்கி, மாற்ற 400 பவுண்டு. கடை பில் மருமகனின் பர்ஸில் இருக்கிறது.

இப்போது எந்த வழி?

பில் வைத்திருப்பவரின் வழி

முதல் வழி ஒப்பந்தம். கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்கியதுமே ஒரு ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அதற்குள் சில வாக்குறுதிகளைத் தானாகவே எழுதிவிடுகிறது. பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பாதுகாப்பும் அந்தத் தரத்தில் அடக்கம். ‘விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாலும் இது போகாது.

கடைக்காரர் சொல்லக்கூடிய பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ‘நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லையே, வந்ததை அப்படியே கொடுத்தேன்.’ மனிதருக்கு மனிதர் பார்த்தால் நியாயம்தான். ஒப்பந்தச் சட்டத்தில் அது பதிலே ஆகாது. 1960இல் தீர்ப்பான ஒரு வழக்கில் ஆறு வயதுப் பையன் ஆறு பென்னிக்கு பிளாஸ்டிக் கவண் வாங்கினான். இழுத்தபோது கவண் உடைந்து இடது கண் போனது. வாங்கியவன் அவனே என்பதால் கடைக்காரர் பொறுப்பானார். அவர் பேரில் தனியாக ஒரு தவறும் காட்டப்பட வேண்டியிருக்கவில்லை. 1905இல் ஒரு பால் கம்பெனி, பாலில் டைஃபாய்டு கிருமி இருப்பதை எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று வாதாடிப் பார்த்தது. முடியாதுதான், ஆனாலும் கட்டு என்றது நீதிமன்றம்.

இந்த வழிக்கு இன்னும் இரண்டு பலம் உண்டு. குக்கரின் விலையான 48 பவுண்டு இதில் மட்டும்தான் திரும்ப வரும்; மற்ற இரண்டு வழிகளும் கெட்ட பொருளின் விலையைத் தொடுவதில்லை. இரண்டாவது பலம் அதிகம் பேசப்படுவதில்லை. கவனக்குறைவு போன்ற, ஒப்பந்தத்தைச் சாராத தீங்குக்கான (தீங்கியல்) வழக்கில் வாதியும் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால், 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். பருப்பைக் கழுத்துவரை நிரப்பினீர்கள் என்று சொல்லிக் கால்பங்கோ மூன்றிலொரு பங்கோ கழிக்கலாம். விற்றவரின் தவறைப் பாராத ஒப்பந்தப் பொறுப்பில் இந்தக் கழிவு இல்லை. ஒன்று முழுதாகக் கிடைக்கும். அல்லது விபத்துக்கு உண்மையான காரணம் நீங்களே என்று ஆகி ஒன்றும் கிடைக்காது. உடைந்துவிட்டது என்று தெரிந்தும் மாதக்கணக்கில் இழுவைக் கொக்கியை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயிக்கு 1981இல் பிரபுக்கள் சபையில் அப்படித்தான் ஆனது: பொறுப்பைக் கொக்கி விற்றவர் தலையில் கட்ட முடியவில்லை.

எல்லாம் சரி, ஆனால் இது வாங்கியவருக்கு மட்டும். இதைப் புரியவைக்க 1938இன் எலுமிச்சைப் பான வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. கணவர் லண்டனில் ஒரு மதுக்கடையில் ஆர். வைட் கம்பெனியின் லெமனேட் பாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அதில் கார்பாலிக் அமிலம் கலந்திருந்தது. கணவனும் மனைவியும் குடித்தார்கள், இருவருக்கும் உடம்பு கெட்டது. கணவர் கடைக்காரியிடம் இழப்பீடு வாங்கினார். மனைவி வாங்கவில்லையே! அவர் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியிருந்தது. கம்பெனி தன் பாட்டில் கழுவும் முறையைக் காட்டியது, நீதிபதி திருப்தியடைந்தார். ஒரே பாட்டில், ஒரே மேஜை. மனைவிக்கு ஒன்றும் இல்லை.

நம் மாமியாரின் நிலைமை அதேதான். 1999இல் மூன்றாம் நபர் உரிமைக்கு ஒரு சட்டம் வந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தம் அவரைப் பெயராலோ வகையாலோ சுட்டியிருக்க வேண்டும். கடை பில்லில் ‘இது மாமியாருக்கும்’ என்று யார் எழுதுகிறார்கள்? மருமகன் தன் கைக்காயத்துக்கும் குக்கருக்கும் அடுப்புக்கும் கேட்கலாம். மாமியாரின் வைத்தியத்துக்கு மருமகனே செலவழித்திருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். 1903இலேயே, வெடித்த வெந்நீர்ப் பையால் வெந்த மனைவிக்குச் செய்த செலவைக் கணவர் மருந்துக் கடைக்காரரிடம் வாங்கியிருக்கிறார். ஆனால் மாமியார் பட்ட வலி மாமியாருடையது. அதற்கான பணத்தை மருமகன் கேட்க முடியாது.

பொருளை இணையத்திலோ தெரிந்தவரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கும் ஒரு சொல். வியாபாரமாக விற்காத தனிநபர், தரத்துக்கு இப்படியொரு வாக்குறுதி கொடுத்ததாகச் சட்டம் கொள்வதில்லை. அங்கே பில் இருந்தும் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டதுதான்.

கடை திவாலாகிவிட்டால்? இங்கே கிரெடிட் கார்டு கைகொடுக்கும். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு கம்பெனியையும் கடைக்காரரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. குக்கர் 48 பவுண்டுதான், உதவாது. 150 பவுண்டு வெட் கிரைண்டராக இருந்திருந்தால் வேறு கதை. டெபிட் கார்டுக்கு இந்தச் சலுகை இல்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

பில் இல்லாதவரின் வழி

1958க்கும் 1961க்கும் இடையில் பிரிட்டனில் தாலிடோமைடு மாத்திரை விற்கப்பட்டது. கர்ப்பிணிகள் வாந்திக்குச் சாப்பிட்டார்கள். கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. பெற்றோருக்கு முன்னால் நின்ற மலை, கவனக்குறைவை நிரூபிப்பது. எந்தச் சோதனையை அந்த ஆண்டில் எந்தக் கம்பெனி செய்திருக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் எப்படிக் காட்டும்? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்து, சமரசத்தில் முடிந்தன. 1978இல் அறிக்கை கொடுத்த பியர்சன் ஆணையம், பொருளால் வரும் காயத்துக்குத் தவறு பாராத பொறுப்பு வேண்டும் என்றது. 1985இல், உறுப்பு நாடுகள் அப்படியொரு பொறுப்பைச் சட்டமாக்க வேண்டும் என்ற ஐரோப்பிய நெறிமுறை வந்தது. அதைப் பின்பற்றிப் பிரிட்டன் கொண்டுவந்ததுதான் 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1988 மார்ச் 1.

இந்தச் சட்டம் தயாரிப்பாளர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்பதில்லை. பொருள் எப்படி இருந்தது என்று கேட்கிறது. பொதுவாக மக்கள் எதிர்பார்க்க உரிமையுள்ள பாதுகாப்பு அந்தப் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடுள்ள பொருள். அதனால் காயம் வந்தால் பொறுப்பு. யார் வாங்கினார், யார் சமைத்தார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மாமியாருக்கும் உண்டு, அந்த நேரத்தில் அடுக்களைக்குள் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு.

இந்த வழிக்கும் கவனக்குறைவு வழிக்கும் உள்ள இடைவெளியை, குழந்தைப் பொருள் விற்கும் மதர்கேர் கம்பெனி மீதான வழக்கு போல வேறெதுவும் காட்டுவதில்லை. 1990இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தம்பியின் தள்ளுவண்டியில் கதகதப்பான கால்பையை மாட்ட அம்மாவுக்கு உதவினான். எலாஸ்டிக் பட்டை கைநழுவிப் பின்வாங்க, அதன் முனையிலிருந்த உலோகக் கொக்கி கண்ணில் அடித்தது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு கேள்விக்கும் தனித்தனியே விடை சொன்னது. கவனக்குறைவு? இல்லை, அப்படியொரு விபத்து அதற்குமுன் பதிவானதில்லை, 1990இல் ஒரு நியாயமான தயாரிப்பாளர் இதை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. குறைபாடு? உண்டு; பட்டை கண்ணுக்குத் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, 1990இலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கவனக்குறைவை மட்டும் நம்பி வந்திருந்தால் அந்தப் பையன் வெறுங்கையோடு திரும்பியிருப்பான்.

2001இன் ரத்த வழக்கு இன்னும் ஒரு படி மேலே. ஹெபடைடிஸ் சி கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட 114 பேர் தேசிய ரத்த ஆணையத்தின் மீது இந்தச் சட்டத்தின்கீழ் வந்தார்கள். ரத்தத்தில் அந்த ஆபத்து இருப்பது மருத்துவ உலகுக்குத் தெரியும். ஆனால் எந்தப் பையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆரம்ப காலத்தில் சோதனையே கிடையாது. தவிர்க்க முடியாததற்கு எப்படிப் பொறுப்பாவது என்று ஆணையம் கேட்டது. தவிர்க்க முடிந்ததா என்பது இந்தச் சட்டத்தின் கேள்வியே அல்ல என்றார் நீதிபதி பர்ட்டன்.

அந்தக் கண்டிப்பு பின்னால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2016இல் உடைந்துபோன செயற்கை இடுப்பு மூட்டு பற்றிய வழக்கில், ஒரு பொருளின் ஆபத்தையும் பயனையும் சேர்த்தே பார்க்கலாம், அது தரநிலைகளுக்கு உட்பட்டிருந்ததா என்பதற்கும் எடை உண்டு என்றது உயர் நீதிமன்றம்; நோயாளி தோற்றார். 2006இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொடியை ஒரு குழந்தை தின்ற வழக்கு. மூடி, தரநிலை சொன்ன அளவுக்கு இறுக்கமாக இல்லை. ஆனால் சாதாரண மூடியைவிடத் திறக்கக் கடினம். மக்கள் எதிர்பார்க்க உரிமையுள்ளது அவ்வளவுதான் என்றது நீதிமன்றம். என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு கஞ்சத்தனமானது. எப்படியிருந்தாலும் இது தானாகப் பணம் கொட்டும் சட்டம் இல்லை. குறைபாட்டையும், காயம் அதிலிருந்துதான் வந்தது என்பதையும் வாதியே நிரூபிக்க வேண்டும். விலகுவது ‘யார், எந்தப் பட்டறையில், எந்த நாளில் அசட்டையாக இருந்தார்’ என்ற கேள்வி மட்டும்.

அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை 2008இன் சைக்கிள் வழக்கில் பார்க்கலாம். மலைச் சைக்கிளில் போனவர் விழுந்தார், ஹேண்டில்பார் முறிந்திருந்தது. முறிந்ததால் விழுந்தாரா, விழுந்ததால் முறிந்ததா? முறிந்ததால்தான் என்று நீதிபதி முடிவுக்கு வந்தார். அலுமினியத்துக்குள் என்ன கோளாறு என்று யாரும் சொல்லவேண்டி வரவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்த வழக்கில் பணம் கட்டியது சைக்கிளைச் செய்த கம்பெனி அல்ல. இறக்குமதி செய்தவர்.

நம் குக்கருக்கு இதுதான் முக்கியம். இந்தச் சட்டத்தில் பொறுப்பேற்பவர் பட்டியலில் செய்தவர் ஒருவர் மட்டும் இல்லை. தன் பெயரை ஒட்டி விற்கிற பிராண்டுக்காரர், வியாபாரத்துக்காகப் பிரிட்டனுக்குள் இறக்குமதி செய்தவர் ஆகியோரும் இருக்கிறார்கள். ஆக வெம்பிளி மொத்த வியாபாரியே பிரதிவாதி ஆகலாம். இந்தியாவில் உள்ள ஆலைக்குச் சம்மன் அனுப்பி, அங்கே தீர்ப்பை நிறைவேற்ற அலைய வேண்டாம். அரிசி மாவு கிரைண்டரும் தோசைக்கல்லும் கண்டெய்னரில் இறக்கி விற்கிற நம் வியாபாரிகள் எத்தனை பேர் இதை உணர்ந்து காப்பீடு எடுத்திருக்கிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. ‘நான் செய்யவில்லையே’ என்பது அவர்களுக்குத் தற்காப்பு இல்லை.

மறுபக்கம், வாங்குகிறவரே நேராக வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் தருவித்தால் இங்கே இறக்குமதியாளர் என்று ஒருவர் இல்லாமலே போகலாம். பத்துப் பவுண்டு மிச்சம் பிடித்ததில் வழக்குப் போட ஆளையே தொலைத்துவிடுகிறோம்.

இந்த வழியின் வேலிகள் இவை. சொத்துச் சேதம் தனிப்பட்ட பயன்பாட்டுச் சொத்தாக இருக்க வேண்டும், 275 பவுண்டைத் தாண்டவும் வேண்டும். அடுப்பின் 400 தேறும். அதே குக்கர் ஒரு உணவகத்தில் வெடித்திருந்தால் சமையல்காரரின் காயத்துக்குக் கேட்கலாம், உணவகத்து அடுப்புக்குக் கேட்க முடியாது. அன்றைய அறிவியல் அறிவால் கண்டுபிடித்திருக்கவே முடியாத குறைபாடு என்று காட்டினால் தயாரிப்பாளர் தப்பலாம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழகிய பிரஷர் குக்கருக்கு அப்படிச் சொல்ல வருகிறவரைப் பார்க்க எனக்கு ஆசைதான். வாதியின் சொந்த அசட்டைக்கு இங்கே கழிவு உண்டு. எல்லாவற்றையும்விடக் கடினமான வேலி பத்து ஆண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

நத்தையின் வழி

மூன்றாவதாகக் கவனக்குறைவு. நான்கு படி ஏற வேண்டும்: கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதை மீறினார், மீறியதால் தீங்கு வந்தது, அந்த வகைத் தீங்கு எதிர்பார்க்கக் கூடியது. குக்கர் செய்கிறவருக்குக் கடமை உண்டு என்பதில் இன்று யாரும் வாதாட மாட்டார்கள். சிக்கல் இரண்டாவது படியில். ஆலைக்குள் நடந்தது வெளியே நிற்கும் மாமியாருக்கு எப்படித் தெரியும்?

நீதிமன்றங்கள் இரக்கமில்லாதவை அல்ல. 1935இல் அடிலெய்டு மருத்துவர் ஒருவர், கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட சல்ஃபைட்டால் தோல் நோய் வந்த வழக்கை பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய் வென்றார். சரியாகச் செய்திருந்தால் அந்த ரசாயனம் தங்கியிருக்காது, ஆகவே யாரோ ஒருவர் அசட்டையாக இருந்திருக்க வேண்டும். அவர் யார் என்று வாதி விரல் நீட்ட வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. மூன்றே ஆண்டு கழித்து, மேலே பார்த்த லெமனேட் வழக்கில், நல்ல கழுவும் முறை இருந்தது என்ற ஒரே காரணத்தால் கம்பெனி விடுவிக்கப்பட்டது. 1998இல் டயர் வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த லெமனேட் போக்கை நிராகரித்து, பழைய உள்ளாடை வழக்கின் பக்கமே திரும்பியது. இன்று வாதிக்குச் சாதகம் கூடியிருக்கிறது. ஆனாலும் குறைபாட்டோடு முடிந்திருக்கக் கூடிய பேச்சு, தர சோதனை, உற்பத்தி முறை, ஆவணங்கள் என்று விரிகிறது. ஒவ்வொன்றுக்கும் நிபுணர் கட்டணம்.

அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. சில இடங்களில் இது ஒன்றுதான் இருக்கும். குக்கர் நல்லது, அதைப் பழுதுபார்த்தவர் வால்வைத் தப்பாகப் பூட்டினார் என்றால், பழுதுபார்த்தவரை மாமியார் பிடிக்க இதுதான் வழி. 1939இலேயே ஒரு லாரிச் சக்கரத்தின் விளிம்பு கழன்று நடைபாதையில் போன பெண்ணின் காலில் அடித்தது. சக்கரத்தை மாட்டிய பட்டறைக்காரர் பொறுப்பானார். உணவகத்து அடுப்பு போன்ற வியாபாரச் சொத்துக்கும் வாங்காதவர் இதையே நாட வேண்டும். விற்ற பிறகு ஆபத்து தெரியவந்தும் வாய்மூடி இருந்த கம்பெனிகளுக்கும் இதுதான் கயிறு. 1970களில் பிரிட்டிஷ் லேலண்டின் அலெக்ரோ கார்களின் பின்சக்கரம் கழன்று போவது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. டீலர்களுக்குச் சொன்னார்கள், கார் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவில்லை. 1978இல் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் கைமாறிய நேரத்தைப் பார்ப்பது. அதற்குப் பிறகான மௌனத்தைத் தண்டிக்க நத்தைதான் வர வேண்டும்.

பிறகு அந்தப் பத்து ஆண்டு. உடல் காயத்துக்கு மூன்று வழிகளிலும் பொதுக் காலவரம்பு மூன்று ஆண்டு: காயம்பட்ட நாளிலிருந்து, அல்லது காயத்தின் தீவிரமும் காரணமும் ஆளும் தெரியவந்த நாளிலிருந்து. தவறவிட்டாலும் நீதிபதி மனம்வைத்து நீட்டிக்க இடம் உண்டு. குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மேலும் ஒரு முடிவுக்கோடு: தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ பொருளை வெளியே விட்டு பத்து ஆண்டு ஆனதும் உரிமையே அணைந்துவிடும். நீதிபதியும் நீட்டிக்க முடியாது, குழந்தை என்றும் பார்க்காது. கல்யாணச் சீராக வந்து பன்னிரண்டு வருடம் உழைத்த குக்கர் வெடித்தால், மீதி இருப்பது கவனக்குறைவு மட்டுமே. அதிலும், இத்தனை வருடம் தாங்கிய பொருளில் ஆலையிலிருந்தே கோளாறு என்று நிரூபிப்பது லேசான காரியமில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் என்ன?

போடலாம். ஒரே மனுவில் மூன்றையும் மாற்று வழிகளாக எழுதுவது வக்கீல்களின் வாடிக்கை; இரட்டைப் பணம் மட்டும் கிடைக்காது. பிறகு ஏன் தேர்வு என்ற பேச்சு? பணமும் உழைப்பும் எதில் போகிறது என்பதற்காக. ஒப்பந்த வழியில் தேவை பில்லும் ஒரு பொறியாளரின் அறிக்கையும். 1987 வழியில் பொறியாளரின் அறிக்கையும் இறக்குமதிச் சங்கிலியும். கவனக்குறைவில் அதற்கு மேல் ஆலையின் உள்விவகாரம் முழுவதும். முதல் இரண்டில் தேறக்கூடிய வழக்கில் மூன்றாவதற்காக ஒரு வருடம் ஆவணம் தேடுவது வீண். மனுவில் ஒரு பத்தியாக இருக்கட்டும், அதற்குமேல் வேண்டாம்.

செலவு பற்றிச் சுருக்கமாக. காயத்தின் மதிப்பு 1,500 பவுண்டைத் தாண்டாவிட்டால் விவகாரம் சிறு வழக்குத் தடத்துக்குப் போகும். அங்கே ஜெயித்தாலும் சொலிசிட்டர் (வழக்கை நடத்தும் வக்கீல்) கட்டணம் பெரும்பாலும் எதிர்த்தரப்பிடமிருந்து வராது. மருமகனின் கொப்புளம் அங்கேதான் போகும். மாமியாரின் முகத்துத் தழும்பு அதைத் தாண்டிவிடும். அப்போது ‘ஜெயித்தால்தான் கட்டணம்’ ஒப்பந்தத்தில் சொலிசிட்டர் கிடைப்பார். அவருடைய வெற்றிக் கட்டணம், எதிர்கால இழப்புக்கான தொகை நீங்கலான இழப்பீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோற்றாலும், பொய் சொன்னது அம்பலமானால் ஒழிய, உடல் காய வழக்கில் எதிர்த்தரப்புச் செலவைப் பெரும்பாலும் கட்ட வேண்டி வராது. சுற்றுலா விசாவில் வந்தவர் வழக்குப் போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக முடியும், அடிபட்டவரின் பாஸ்போர்ட்டைச் சட்டம் பார்ப்பதில்லை.

ஆக இந்த வீட்டில் நான் என்ன செய்யச் சொல்வேன்? மருமகன் ஒப்பந்தத்தில் கடை மீது: குக்கர், அடுப்பு, கைக்காயம். மாமியார் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெம்பிளி இறக்குமதியாளர் மீது. மருமகன் கூச்சப்படுவார், தினமும் முகம் பார்க்கிற கடையாயிற்றே என்று. கடைக்காரருக்குக் காப்பீடு இருந்தால் கட்டப்போவது காப்பீட்டுக் கம்பெனி. அவரும் தன் பங்குக்கு மொத்த வியாபாரியிடம் திரும்பிக் கேட்கலாம், அவருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு.

வெம்பிளி வியாபாரி யார் என்றே தெரியாவிட்டால் சட்டம் ஒரு அழகான பொறியை வைத்திருக்கிறது. மாமியார் பேரில் கடைக்காரருக்கு ஒரு கடிதம்: இந்தக் குக்கரைச் செய்தவர் யார், இறக்குமதி செய்தவர் யார்? நியாயமான காலத்துக்குள் அந்தப் பெயர்களையோ, தனக்குச் சரக்குக் கொடுத்தவரின் பெயரையோ அவர் சொல்லாவிட்டால், தயாரிப்பாளரின் இடத்தில் சட்டம் அவரையே நிறுத்திவிடும். கேட்ட தேதி தெரியும்படி எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சில் கேட்டால் நிரூபிக்க முடியாது.

குக்கரை மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ‘மாற்றித் தருகிறேன், கொண்டு வாங்கண்ணா’ என்பார்; கொடுத்தால் சாட்சி போய்விடும். மூடி, வெயிட், கேஸ்கெட், பெட்டி, அதிலிருந்த கையேடு எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். முக்கியமாக யாரும் அதைக் கழுவக் கூடாது. எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது பருப்பு அடைத்துக்கொண்டது, உங்கள் தவறு என்பதுதான். நீராவி போகும் துளை அடைத்திருந்ததா, திறந்திருந்ததா என்று பொறியாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போவது அந்தக் காய்ந்த பருப்பைத்தான்.